சின்னப் பற்றரி

லொறித் திறப்பைத் திருப்பிப் பார்த்தால், எஞ்சின் எழும்புமா என்று தெரிந்துவிடும். ஆனால் திருப்பிப் பார்க்கவும் பற்றரி வேண்டும். காலையிலிருந்து என் தலைக்குள் ஓடுவது இது மட்டும்தான், வேறொன்றும் இல்லை. மணி பத்தே முக்கால். டீசல் பவுசர் பம்புக்கு வந்துவிட்டது, பன்னிரண்டுக்கு அடிக்கத் தொடங்குவார்கள் என்று பொலிஸ்காரர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நாற்பத்தோராவது, போன பவுசர் முப்பத்தாறோடு முடிந்தது. முன் கண்ணாடியில் சோக்கட்டியால் எழுதிக் கிடக்கிறது, உள்ளே இருக்கிற எனக்கு அது இடம் வலம் மாறித்தான் தெரியும். நாலு நாளாக இந்த லொறி இந்த டீசல் வரிசையில் நிற்கிறது, பகலில் நான் காவல், பின்னேரத்திலிருந்து அப்பா. நாற்பத்தொன்றைக் கூப்பிட்டால் லொறி ஸ்ரார்ட் ஆகித் தானாக ஓடிப் பம்புக்குப் போகவேண்டும். போகாவிட்டால் சோக்கட்டியை அழித்துவிட்டு அடுத்த வண்டியை எடுப்பார்கள், நாங்கள் வாலுக்குப் போகவேண்டும், வால் தபால் கந்தோரையும் தாண்டிவிட்டதாம், இன்னும் ஐந்து நாள், அல்லது ஆறு. பின்னால் இரண்டு கறுப்புத் தாங்கி, வெறும் தாங்கி, வெயிலில் வெடிக்கிற மாதிரி டக் டக் என்று சத்தம் போடுகின்றன. தீவுப்பக்கம் குடிதண்ணி கொண்டுபோகிற லொறி இது. அங்கே கிணற்றுத் தண்ணியில் தேத்தண்ணி போட்டால் உப்புக் கரிக்கும். வேலணையில் ஆட்கள் தண்ணிக் கானோடு ரோட்டில் நிற்பார்கள், நாலு நாளாக நிற்கிறார்கள், அப்பாவின் போனுக்கு அடித்து அடித்துக் கேட்கிறார்கள். லொறி ஸ்ரார்ட் ஆகுமா என்று எனக்குத் தெரியாது. ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆகாவிட்டால் அது என்னால்தான். அது அப்பாவுக்குத் தெரியாது.

இது ஹைபிரிட் லொறி. யப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தது. ஹைபிரிட் என்றவுடன் எல்லோரும் நினைக்கிறார்கள் உள்ளே ஒரு கடல் கரண்ட் இருக்கிறது என்று. இருக்கிறதுதான். சீற்றுக்குப் பின்னால் கீழே ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து தோடம்பழ நிறத்தில் தடித்த வயர் போகிறது, அதைத் தொட்டால் ஆள் கரி. ஆனால் அந்தப் பெரிய பெட்டி தானாக எழும்பாது. அதை எழுப்புகிறது சேசிஸ் பக்கத்தில் ஒரு மூடிக்குள் இருக்கிற சாதாரணப் பற்றரிதான், எல்லா லொறியிலும் இருக்கிற அதே சோடிப் பற்றரி, நாங்கள் சின்னப் பற்றரி என்போம். அலுமாரிக்குள் அரிசி மூட்டை இருக்கிறது, அலுமாரித் திறப்பு தொலைந்துவிட்டது, அப்போது பட்டினிதான். மெக்கானிக் ரூபன் அண்ணை லொறி வாங்கின புதிதிலேயே அப்பாவுக்குச் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "ரெண்டு மூண்டு நாள் சும்மா விட்டா இதுக்குள்ள இருக்கிற கொம்பியூட்டரே சின்னதைக் குடிச்சிடும் உதயண்ணை. ஒண்டில் நாள் விட்டு நாள் அரை மணித்தியாலம் ஓடவிடுங்கோ. பத்து நிமிசம் காணாது. இல்லாட்டி மைனஸ் வயரைக் கழட்டி விடுங்கோ. திறப்பைப் பாதியிலை விட்டிட்டு றேடியோ கேக்கிற வேலை வேண்டாம்." அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டினார். வரிசைக்கு வந்த முதல் நாள் ஓடவிட்டார். பிறகு டீசல் முள்ளைப் பார்த்தார். முள் கீழே படுத்துவிட்டது. இரண்டு லீற்றர், கூடினால் மூன்று. பம்புவரைக்கும் போகக் காணும், பற்றரியை நிரப்பக் காணாது. பற்றரி வேண்டுமென்றால் டீசல் எரிக்கவேண்டும், டீசல் வேண்டுமென்றால் பம்புக்குப் போகவேண்டும், பம்புக்குப் போகப் பற்றரி வேண்டும். இதைக் கொப்பியில் ஒரு வட்டமாகக் கீறலாம், பள்ளிக்கூடத்தில் நீர்வட்டம் கீறின மாதிரி. அப்பா கீறவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தார், மைனஸ் வயரைக் கழற்றினார், துணி சுற்றினார், மூடியைப் போட்டார். "எங்களைக் கூப்பிடுமட்டும் இதைத் தொடாதை. படுக்கட்டும்" என்றார். நான் ஓம் என்றேன். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நான் அதே ஸ்பானரை எடுத்து அந்த வயரைப் பூட்டினேன்.

ஏன் என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. முன்னால் நிற்கிற ரிப்பர் லொறி மில்ரன் அண்ணையுடையது, பாசையூர் ஆள், மணல் ஏற்றுகிறவர், இந்த வரிசைக்கு அவர்தான் செயலாளர் மாதிரி, சீ.ஆர். கொப்பி ஒன்றில் எல்லா இலக்கமும் எழுதி வைத்திருக்கிறார். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். "பிள்ளை, கரண்ட் போய் பத்து மணித்தியாலம். ஜெசிந்தா ஒன்பதுக்கு எடுப்பா. உங்கடை ஹைபிரிட் தானே, ஒருக்காச் சார்ஜிலை போட்டு விடுறியே?" ஜெசிந்தா அவருடைய மனிசி, குவைத்தில் வீட்டு வேலை. நான் ஏலாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஏலாது என்று சொல்ல நல்லாத் தெரியும். கணக்கு ரீச்சருக்குச் சொன்னேன், அதிபருக்குச் சொன்னேன், சோதினை திரும்ப எடு என்று வீட்டுக்கு வந்த மாமிக்கு, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டே சொன்னேன். கணக்கில் டபிள்யூ வந்தது, பெயில்தான், திரும்ப எழுதினாலும் டபிள்யூதான் வரும், ஏன் பொய்க்கு ஒரு வருசம் கதிரையில் இருக்கவேண்டும். அப்படிச் சொன்ன ஆள் நான். ஆனால் மில்ரன் அண்ணையின் போனைக் கண்டதும் வாய் வரவில்லை. அவர் நின்ற விதம் அப்படி. அதுவும் உண்மையில்லை, நின்ற விதமும் இல்லை. அவர் பிள்ளை என்று கேட்டது ஏதோ என்னிடம் ஒரு சாமான் இருக்கிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, என்ன செய்யப்போகிறாய் என்பதைத் தவிர. அவ்வளவுதான். இறங்கினேன், மூடியைத் திறந்தேன், பூட்டினேன், திறப்பைப் பாதி திருப்பினேன், சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் மூன்று வாய் உள்ள சார்ஜரைச் செருகினேன். அவருடைய போனில் சின்னப் பச்சைக் கோடு ஓடியது.

மூன்று வாய் இருந்தால் இரண்டு வாய் சும்மா இருக்குமா. பத்து மணிக்குள் இரண்டு போன் கூட வந்தது. பின்னால் நிற்கிற பஸ்ஸின் கொண்டக்டர் சுகிர்தன், வாய் மூடாத ஆள், படியில் தொங்கிக்கொண்டு கத்தினான், "எஞ்சினியர் அம்மா, பவர் ஸ்ரேசன் திறந்தாச்சோ?" நான், "உன்ரை போன் எண்டால் கடைசி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் நல்லாயிருந்தது, பொய் சொல்லக் கூடாது, மிகவும் நல்லாயிருந்தது. மத்தியானம் மாவு மில்காரர் ஒருவர் இரண்டு போன் கொண்டு வந்தார், ஒன்று அவருடையது, மற்றது மகளுடையது, மகளுக்கு ஒன்லைன் வகுப்பாம். பிறகு யார் யாரோ. யதுசி, யதுசி என்று கூப்பிட்டார்கள், என் பெயரை யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது. யாருடைய போன் எது என்று மாறாமல் இருக்க ரப்பர்பாண்டில் கடதாசித் துண்டு செருகி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒருநாளும் நான் ஒழுங்காக ஒன்றும் செய்ததில்லை. நாலு மணிக்கு அப்பா வர முதல் எல்லாவற்றையும் கொடுத்து முடித்து, வயரைக் கழற்றி, அவர் சுற்றின மாதிரியே துணியைச் சுற்றி, மூடியைப் போட்டேன். துணியின் முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட ஞாபகம் வைத்துச் சுற்றினேன். அதுதான் இப்போது நினைக்க அருவருப்பாக இருக்கிறது. போன் போட்டது பிழை, சரி. முடிச்சைப் பார்த்து வைத்தது களவு. முந்தநாள் அப்படி. நேற்றும் அப்படி. இன்று காலை அப்பா ஏழு மணிக்குக் குளிக்க வீட்டுக்குச் சைக்கிளில் போனார், எட்டுக்குப் பூட்டினேன், ஒன்பதுக்கு றேடியோவில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பொம்பிளை ஒரு வசனத்தின் நடுவில் நின்றா. இரைச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. டாஷ்போர்டில் இருந்த விளக்குகள் மஞ்சளாகி, பிறகு மண்நிறமாகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டிய மாதிரி. நான் பாய்ந்து திறப்பை எடுத்தேன். இறங்கி வயரைக் கழற்றினேன். ஸ்பானர் ஒருதரம் விழுந்தது. அப்போதிருந்து தொடவில்லை.

தொடாமல் விட்டால் கொஞ்சம் ஏறுமாம். அதையும் ரூபன் அண்ணைதான் சொன்னார், களைத்த பற்றரியைச் சும்மா விட்டால் தானாகக் கொஞ்சம் திரும்பி வரும் என்று. எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. ஒன்பதிலிருந்து பத்தே முக்கால்வரைக்கும் எவ்வளவு ஏறியிருக்கும். ஒரு கரண்டி. ஒரு கரண்டி எஞ்சின் சுற்றக் காணுமா. ஒருதரம்தான் பார்க்கலாம், அந்த ஒருதரத்தை இப்போதே பார்த்தால் கூப்பிடும்போது இருக்காது. பார்க்காமலிருந்தால் கூப்பிடும்வரைக்கும் இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் நினைக்கிறதால் இருந்துவிடாது. சோதினைப் பெறுபேறு வர முதல் நாளும் இப்படித்தான், நான் பாஸாகவும் இருந்தேன் பெயிலாகவும் இருந்தேன், அடுத்த நாள் காலை ஒன்றுதான் இருந்தது. றெக்சின் சீற் தொடையில் ஒட்டிக்கொண்டு எழும்பும்போது உரிகிறது. கண்ணாடியை இறக்கியும் காற்று இல்லை, ரிப்பரின் பின்பக்கத்து மண் வாசம், பஸ்ஸுக்குப் பின்னால் யாரோ மூத்திரம் பெய்கிற வாசம். வேர்வை முதுகில் ஒரு கோடாக இறங்குகிறது. ஒரு பொய் இருக்கிறது, அது லேசான பொய், காலையிலிருந்து அது பக்கத்து சீற்றில் இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. பற்றரி பழசு. அவ்வளவுதான் சொல்லவேண்டும். நாலு வருசப் பற்றரி, அப்பா உடனே நம்புவார், விற்றவனைத்தான் பேசுவார். "நான் அப்பவே நினைச்சனான், உவன் பழசுக்குப் பெயின்ற் அடிச்சுத் தந்திருக்கிறான்" என்பார். என்னைப் பாவம் என்றுகூடச் சொல்வார், வெயிலுக்குள் நாலு நாள் இருந்த பிள்ளை. அவர் என்னைப் பாவம் என்று சொல்கிற முகம் கண்ணுக்குள் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது. இருக்கலாம். ஆட்கள் இருக்கிறார்கள்தானே, எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் பொய் சொன்னாலும் லொறி எழும்பாது. அதுதான் பொய்யில் உள்ள பிரச்சினை, அது என்னைக் காப்பாற்றும், லொறியைக் காப்பாற்றாது.

லொறியைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும், தெரியாமல் இருந்தால் நிம்மதி. மில்ரன் அண்ணையின் ரிப்பரில் நல்ல பற்றரி இருக்கிறது. இரண்டு வயரால் அதையும் இதையும் கோர்த்தால் எழும்பும். ஆனால் அவர் தன் எஞ்சினை ஓடவிட்டுத்தான் தரவேண்டும், அவருடைய முள்ளும் படுத்துத்தான் கிடக்கிறது, இன்று காலை தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினதை நான் பார்த்தேன். அவரிடம் போய், அண்ணை, உங்கடை போனுக்குப் போட்ட கரண்டைத் திருப்பித் தாங்கோ என்று கேட்கவேண்டும். அதைவிட, சட்டம் அவருடையது. தள்ளிக்கொண்டு வருகிற வண்டிக்கு டீசல் இல்லை. இது அவர் கொப்பியின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, எல்லா ட்ரைவர்மாரிடமும் கையெழுத்து வாங்கியது, அப்பாவும் வைத்தவர். ஏனென்றால் போன கிழமை ஒருத்தன் ஒரு பழைய லொறியைப் பத்துப் பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நாற்பது லீற்றர் அடித்துக்கொண்டு போனான், பற்றரி இல்லை அண்ணை என்று பல்லைக் காட்டினான், பிறகு பார்த்தால் அதற்குள் எஞ்சினே இல்லை. எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு இருந்ததாம். கோழி சுகிர்தன் சேர்த்ததாக இருக்கும். ஆனால் எஞ்சின் இல்லாதது உண்மை. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டம், ஸ்ரார்ட் ஆகாத வண்டி வண்டியில்லை. நானும் கைதட்டினேன், அண்டைக்கு. இப்போதே இறங்கிப் போய்ச் சொன்னால் நேரம் இருக்கிறது, அப்பா வர முதல் எழுப்பிவிடலாம். எழுப்பினாலும் நிற்பாட்டக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அப்பா வந்து ஏன் ஓடுது என்று கேட்பார். எந்தப் பக்கம் போனாலும் அப்பா நிற்கிறார். கதவுப் பிடியில் கை வைத்தேன். சூடு. எடுத்துவிட்டேன்.

பதினொன்றரை. ரிப்பருக்கு முன்னால் ஏதோ அசைகிறது, இல்லை, வெயில். வேலணையில் ஒரு பொம்பிளை இருக்கிறா, பெயர் தெரியாது, எப்போதும் முதலாவதாக நிற்பவ, தண்ணி பிடிக்க முதல் கையைக் குழித்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பா, பிறகு எனக்குத் தலையாட்டுவா, நல்ல தண்ணி என்று ஏதோ நான் செய்த தண்ணி மாதிரி. அவ இந்த நாலு நாளும் என்ன குடித்திருப்பா. உப்பைத்தான். அவவை நினைத்தால் மில்ரன் அண்ணையின் மனிசி ஞாபகம் வருகிறா, முந்தநாள் வீடியோவில் கண்டேன், சமையலறை மூலையில் நின்று குசுகுசுத்துக் கதைத்தா, பின்னால் யாரோ கூப்பிடும் சத்தம் வந்ததும் முகம் அப்படியே அணைந்தது. அந்தப் பத்து நிமிசத்தைக் கொடுத்தது இந்தப் பற்றரிதான். இந்த ஆளுக்குத் தண்ணி, அந்த ஆளுக்குப் பத்து நிமிசம், நான் யார் பிரித்துக் கொடுக்க. பற்றரி அப்பாவுடையது. கொடுத்த பெயர் என்னுடையது. இந்த ஒரு வசனத்தைத்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன், வந்து வந்து இதில் காலிடறுகிறது. "எஞ்சினியர் அம்மா" சுகிர்தன் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கண்ணாடிப் பக்கம் வந்தான், "இண்டைக்குக் கடையைப் பூட்டிட்டியளோ? என்ரை போன் பதினாலு வீதத்திலை சாகக் கிடக்கு." "செத்தா அடக்கம் செய்" என்றேன். "ஏன் முகம் உப்பிடி, பிள்ளைக்குக் காய்ச்சலோ?" "போடா அங்கால." அவன் சிரித்துக்கொண்டே போனான். அவனிடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிசத்தில் வால்வரைக்கும் செய்தி போயிருக்கும், நான் வாய் திறக்கத் தேவையில்லை. அப்படி நடந்தால் நல்லது என்று ஒரு நிமிசம் நினைத்தேன். எவ்வளவு பயந்தாங்கொள்ளி நான். மற்றவர்களைப் பற்றி எதையும் முகத்துக்கு நேரே சொல்வேன், மாமியின் தேத்தண்ணியில் சீனி கூட என்பேன், அதெல்லாம் ஒரு துணிவே இல்லை, அது செலவில்லாத வேலை.

அப்பா பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்க வந்தார். சேட் மாற்றியிருந்தார், நெற்றியில் திருநீறு, சைக்கிள் காண்டிலில் சோற்றுப் பார்சல் இரண்டு தொங்கியது. முன்னால் பம்பில் சத்தம் கேட்டது, வரிசை நிமிர்ந்தது, ஒவ்வொரு லொறியாக இருமி இருமி ஸ்ரார்ட் ஆகிக் கறுப்புப் புகை விட்டது. அப்பா என்னிடம் திறப்பை வாங்கினார், மூடியைத் திறந்தார். துணியை அவிழ்த்தார். முடிச்சைப் பார்க்கவில்லை, பார்க்கிற ஆள் இல்லை அவர். வயரைப் பூட்டிக்கொண்டே ரிப்பர்ப் பக்கம் திரும்பி, "மில்ரன், மூண்டு நாள் பற்றரி நல்ல நித்திரை. இவள்தான் பக்கத்திலை இருந்து பாத்தது. பள்ளிக்கூடத்திலை ஒண்டுக்கும் உதவாதவள் எண்டினம், வந்து பாக்கச் சொல்லு" என்றார். மில்ரன் அண்ணை என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஏதோ ஓடியது, வாய் திறந்தார், மூடினார். அவருக்கு அந்த நேரம்தான் விளங்கியிருக்கவேண்டும், அவருடைய போன் எதிலிருந்து குடித்தது என்று. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. அப்பா திறப்பை மறுபடி என் கையில் வைத்தார். "நீயே ஸ்ரார்ட் பண்ணு. நாலு நாள் காத்தது நீ" என்றார். திறப்பு அவருடைய கைச்சூட்டோடு இருந்தது. மேலே ஏறினேன். திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம் வரும், பிறகு ஒன்றும் வராது, பிறகு அப்பா பற்றரியைப் பேசுவார், நான் சும்மா இருக்கலாம். ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். பொய் இவ்வளவு லேசாக வருமென்று நான் நினைக்கவில்லை.

"அப்பா, இது எழும்பாது." என் குரல்தான், எனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஏன்?" "நான் போன் போட்டனான். எல்லாற்றையும். நீங்கள் போனாப் பிறகு வயரைப் பூட்டுவன், வர முதல் கழட்டுவன். மூண்டு நாளா. இண்டைக்குக் காலமை றேடியோ நிண்டிட்டுது." அப்பா என்னைப் பார்த்தார். கையில் பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தது. எறிவார் என்று நினைத்தேன், எறிந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் குனிந்து ஸ்பானரை மூடிக்குள் வைத்தார், மெதுவாக, முட்டை வைக்கிற மாதிரி. பிறகு, "முந்தநாளே தெரிஞ்சிருந்தா ரூபனிட்டைக் குடுத்துச் சார்ஜ் பண்ணியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். முந்தநாள். நான் அதை யோசிக்கவே இல்லை. முப்பத்தெட்டு என்று முன்னால் கத்தினார்கள். மில்ரன் அண்ணை ரிப்பரிலிருந்து பாய்ந்து இறங்கிச் சீற்றுக்கடியிலிருந்து தடித்த வயர் இரண்டை இழுத்தார். பின்னாலிருந்து யாரோ, "செயலாளர், சட்டம் என்ன மாதிரி? ஸ்ரார்ட் ஆகாத வண்டி வண்டியில்லை எண்டு எழுதினது ஆர்?" என்று கேட்டார்கள். மில்ரன் அண்ணை கொப்பியைக்கூட எடுக்கவில்லை. "ஸ்ரார்ட் ஆகவேணும் எண்டுதான் எழுதினது. ஆற்றை பற்றரியிலை எண்டு எழுதேல்லை. ஆருக்கும் கதை இருந்தா முதல் சொல்லுங்கோ, இந்த வண்டியிலை போன் போடாத ஆள் ஆர் எண்டு." சுகிர்தன் மட்டும், "எனக்குக் கடைசி எண்டவ, முறையே வரேல்லை" என்றான். அப்பா சிரிக்கவில்லை.

மில்ரன் அண்ணை ரிப்பரை ரோட்டின் மற்றப்பக்கம் எடுத்து எங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார், பொலிஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில் இல்லை, பெயின்ற் இல்லாத இரும்பில், மாறிப் போட்டால் ஹைபிரிட் கொம்பியூட்டர் எரியும், லொறியை விற்றாலும் அதை வாங்க ஏலாது. நான் மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அப்பா, "விளங்கினது" என்றார், என்னைப் பார்க்காமல். ரிப்பர் உறுமியது, அதற்குள் இருந்த கடைசி டீசல் எங்களுக்காக எரிந்தது. முப்பத்தொன்பது. பொறுக்கச் சொன்னார் மில்ரன் அண்ணை, ஐந்து நிமிசம் குடிக்கட்டும் என்றார். நாற்பது என்று கத்தினார்கள், அது அவருடைய இலக்கம், அவர் கையை உயர்த்தி வாறன் வாறன் என்றார், போகவில்லை. "இப்ப" என்றார் அப்பா. திருப்பினேன். டிக். ஒன்றுமில்லை. டாஷ்போர்டில் மண்நிறம், மஞ்சள், மஞ்சள், ஒவ்வொரு விளக்காக எழும்பியது, பெரிய பெட்டிக்குள் எங்கோ ஒரு கொளுக்கி விழுந்த மாதிரிச் சத்தம், பிறகு எஞ்சின் சீற்றுக்கடியில் உடம்பை உலுப்பிக்கொண்டு பிடித்தது. மில்ரன் அண்ணை வயரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ரிப்பரை முன்னுக்கு எடுத்தார், அது பம்புக்குப் பத்து அடி இருக்க நின்றது, டீசல் முடிந்து. ஒருவரும் சட்டத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. அப்பா, சுகிர்தன், மாவு மில்காரர், இன்னும் நாலு பேர் போய்த் தள்ளினார்கள்.

நாற்பது லீற்றர் தந்தார்கள். எஞ்சினை நிற்பாட்டாமல்தான் அடித்தோம், பம்பில் நின்ற பெடியன் புறுபுறுத்தான். இப்போது லொறி பூவரச மர நிழலில் நிற்கிறது, ஓடிக்கொண்டு நிற்கிறது. தண்ணி நிரப்பிற இடத்தில் எஞ்சினை நிற்பாட்டத்தான் வேணும், நிற்பாட்டினால் பிறகு எழும்பவேணும், அதனால் அரை மணித்தியாலமாவது இங்கே ஓடட்டும் என்று அப்பா கொண்டக்டரிடம் சொல்லி நான் கேட்டேன், என்னிடம் சொல்லவில்லை. நாலு நாள் நின்று எடுத்த டீசல் நின்ற இடத்திலேயே எரிகிறது. நான் முள்ளைப் பார்க்கிறேன், அசையவில்லை, ஆனால் அசைகிறது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் போகுமா, ஒரு லீற்றரில் லொறி எவ்வளவு தூரம் ஓடும், தீவுக்குப் போகிற பாலத்தில் பாதியா, பாதியில் எத்தனை கான், கணக்கில் டபிள்யூ எடுத்த ஆளுக்கு இது நல்ல தண்டனை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மில்ரன் அண்ணை போனைக் காதில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் வெயிலை மறைத்துச் சிரிக்கிறார். செய்தது பிழை. தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சந்தோசம், அதுவும் இருக்கிறது, அதை இல்லை என்று சொன்னால் அது அடுத்த பொய். கதவு திறந்தது. அப்பா ஏறி மற்ற சீற்றில் இருந்தார், பார்சல் ஒன்றை என் மடியில் வைத்தார், தன்னுடையதைப் பிரித்தார். நூல் அவிழ்க்கிற சத்தம் எஞ்சினுக்குள்ளும் கேட்டது. கத்தரிக்காய்க் குழம்பு வாசம். இரண்டு வாய் சாப்பிட்டார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "மில்ரன்ரை மனிசி என்னவாம்?" என்றார். "சம்பளம் குடுக்காமல் வச்சிருக்கினமாம். பாஸ்போட்டும் அவையளிட்டையாம். வாற மாசம் எப்பிடியும் வருவன் எண்டவ." "ம்" என்றார் அப்பா. இன்னும் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார், குழம்புக் கையால் தொடாமல், மணிக்கட்டை மட்டும் நீட்டி. "இன்னும் பதினெட்டு நிமிசம்" என்றேன் நான்.